டெபோராவின் தெத்துப்பல்

டேனியலுக்கு மனிதர்களின் முகம் ஞாபகத்தில் தங்காது, பல் தங்கும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எதிரே உட்கார்ந்தவர் ஒரு கொட்டாவி விட்டால் போதும். மேல்வரிசை சொந்தப் பல், கீழ்வரிசை கட்டின பல் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவார். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வருவதற்குள் அது யார் கைவேலை என்றுகூடப் பாதி ஊகித்துவிடுவார். தான் செய்த பல்செட் என்று தெரிந்துவிட்டாலோ, இறங்குகிற வரைக்கும் அந்த வாயிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். ஒருமுறை குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு அம்மாள், "இன்னாய்யா, அப்டி மொறைச்சிப் பாத்துகினு கீற?" என்று சத்தம் போட, பெட்டியே திரும்பிப் பார்த்தது. உங்கள் பல்லை நான்தான் செய்தேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் தர்ம அடி விழுந்திருக்கும். மனிதர் வாயை மூடிக்கொண்டு பல்லாவரத்தில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடித்தார்.

அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் மாட்டிவிடுகிற பல்செட்டைச் செய்துகொடுக்கிறவர். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அவருடைய லேப். டாக்டர் அனுப்புகிற வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி ஈறு எடுப்பார். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கிளினிக்குக்குக் கொண்டுபோவார். நோயாளி அதை வாயில் வைத்துக் கண்ணாடி பார்ப்பார். பல் நீளம் என்றால் குறைக்கலாம், உள்ளே போயிருக்கிறது என்றால் இழுக்கலாம்; மெழுகில் இருக்கிற வரைக்கும் எல்லாம் நடக்கும். சரி என்று சொல்லிவிட்டால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் அக்ரிலிக் மாவைத் திணித்துக் கொதிக்கிற தண்ணீரில் வேகவைப்பார். வெந்த பிறகு ஒரு பல்லை நூலளவு நகர்த்துவதுகூட ஆண்டவரால் ஆகாது என்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் அப்படித்தான் சொல்வார்.

முப்பத்துநாலு வருஷ வேலையில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது வரிசை. மேடவாக்கத்திலிருந்து முடிச்சூர் வரைக்கும் டாக்டர்கள், "நேரா இருக்கணும்னா டேனியல்கிட்ட குடுங்க" என்பார்கள். ஒரு பல் மயிரிழை முன்னே வந்திருந்தால்கூடப் பிடுங்கித் திரும்ப நடுவார். நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுபோனார் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

வீட்டில் அவர் மனைவி டெபோரா. மேல்வரிசையின் ஓரத்தில், பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி அவளுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அவளும் உதட்டை இறுக்கிக்கொண்டே காப்பி கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து, கனத்த உடம்புக்காரரான டேனியலின் மாமா மடக்கு நாற்காலியோடு சேர்ந்து மடங்கிவிட்டார். எல்லோரும் அய்யோ அய்யோ என்று தூக்க ஓடினார்கள். டெபோரா மட்டும் சிரித்துவிட்டாள். தெத்துப்பல்தான் முதலில் வெளியே வந்தது, பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. மாமா எழுந்து வேட்டியைத் தட்டுவதற்குள் டேனியல் முடிவு பண்ணிவிட்டார். அப்போதே அவர் பல் வேலைக்காரர்தான். கோணல் பல்லைக் கண்டால் கை துறுதுறுக்கும். இந்தக் கோணல்மேல் மட்டும் அவருக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு டெபோரா கிழக்குத் தாம்பரத்தில் கல்லூரிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கவுண்ட்டரில் அவள்தான். ஹால் டிக்கெட்டை நகலெடுக்கக் கடைசி நிமிஷத்தில் ஓடிவருகிற பிள்ளைகளை நன்றாகத் திட்டுவாள், திட்டி முடிக்கும்போது சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். கரும்பைப் பல்லால் உரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பு அவள் தட்டுக்குத்தான் போகும். அதை அவள் ஒரு வழி பண்ணுவதைப் பார்த்துக்கொண்டே டேனியல் தன் சோற்றை மறந்துவிடுவார்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூரில் அவர்கள் வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கல்யாண ஆல்பம், மகள் ரேஷ்மா பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் கூழாகிவிட, சேற்றோடு வாரி வெளியே கொட்டினார்கள். வீட்டை மறுபடியும் வீடாக்குகிற அலைச்சலில் டெபோராவுக்குச் சர்க்கரை ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. ஈறு வீங்கியது, சீழ் வைத்தது, பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. ஊரார் வாயெல்லாம் பார்த்த மனுஷர் சொந்த வீட்டு வாயைப் பார்த்தபோது காரியம் கைமீறிவிட்டது.

சிட்லபாக்கத்தில் டாக்டர் மிருதுளாவின் கிளினிக்கில், அடுத்த வருஷம் பூராவும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். கடைசியில் மேலே ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்தத் தெத்துப்பல். கோரைப்பல் அல்லவா, வேர் ஆழம், அசையவே இல்லை.

"இது ஸ்ட்ராங்கா இருக்கு டேனியல் சார். இதை விட்டுட்டு மத்ததுக்கு மட்டும் செட் பண்ணலாமா? இன்னும் அஞ்சாறு வருஷம் தாங்கும்," என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டர். ஒத்தப் பல்ல வுட்டா அந்த எடத்துல பிளேட்டு கிராக் வுடும். அதும் இது வெளில தள்ளிகினு கீது. செட்டிங்கே கோணலாப் பூடும். எட்துடுங்க."

அவர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கோணல் தன் வேலையைக் கெடுத்துவிடுமே என்கிற பயம். இரண்டு பேரும் டெபோராவின் திறந்த வாய்க்கு மேலே குனிந்து நின்று பேசினார்கள். வாய்க்குள் பஞ்சு. அவள் கையைத் தூக்கி என்னவோ சொல்லப் பார்த்தாள். "பேசாதீங்க ஆன்ட்டி, பஞ்சு நழுவிடும்," என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் அந்தப் பல்லும் தட்டில் விழுந்தது. என்ன சொல்ல வந்தாய் என்று டேனியல் அவளிடம் அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை.

ஈறு ஆறியதும் அவளுக்கு செட் கட்ட உட்கார்ந்தார். அதுவரை எந்த வாய்க்கும் எடுக்காத உயர்ந்த பல்லை எடுத்தார், அதிலும் பளீரென்ற வெள்ளை. மெழுகில் நட்டதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவில்லை. சொந்தப் பெண்டாட்டிதானே என்று நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் வாயில் பொருத்திக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். டெபோரா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது நான் இல்லியே."

"புதுசுல அப்டித்தான் இருக்கும்."

"ஏங்க, எனக்கு அந்தத் தெத்துப்பல்ல வச்சித் தாங்களேன். மெழுகுதான? அது ஒண்ண மட்டும் கொஞ்சம் ஏத்தி வச்சிடுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்து டேனியல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பைத்தியமா ஒனக்கு? நாளிக்கி நாலு டாக்டருங்க உன்னப் பாப்பாங்க. டேனியலு சொந்தப் பொண்டாட்டிக்கே கோணலாக் கட்டிக் குடுத்துக்கிறான்னு சொல்லமாட்டாங்க? என் பேரு இன்னா ஆவறது?"

"என் வாயிதானங்க?"

"உன் வாயிதான். என் கை இல்ல?"

கண்ணாடியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலையில் டேனியல் அந்த மெழுகை உருக்கி, செட்டை வேகவைத்து முடித்துவிட்டார். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

செட்டைப் பார்த்த டாக்டர்கள் ஆகா ஓகோ என்றார்கள். டாக்டர் மிருதுளா போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற நோயாளிகளுக்குக் காட்டினார். டேனியலுக்குத் தலைகால் புரியவில்லை.

டெபோரா சிரிப்பதை விட்டாள். ஒரேயடியாக விடவில்லை. முதலில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு முந்தானையால், பிறகு சத்தமே இல்லாமல். கீழ்வரிசை செட் பேசும்போது மேலே எழும்பும் என்பதால் பேச்சைக் குறைத்தாள். ஜெராக்ஸ் கடையில் 'பிஸிக்ஸ்' என்று சொல்லப்போய் விசில் அடித்துவிட, ஒரு மாணவி வாய்பொத்திச் சிரித்தாள். பாவம், அவளைத் திட்டக்கூட டெபோராவுக்கு வாய் வரவில்லை. அடுத்த நாளே கவுண்ட்டரை விட்டு உள்ளே மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், ஆறு மாசத்தில் வேலையையே விட்டாள். சர்ச்சில் பாட்டு வந்தால் உதடு மட்டும் அசையும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவாள். கறிக்குழம்பு வைத்தால் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வாள். ரேஷ்மா கல்யாணத்தில் போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா" என்று தொண்டை வறளக் கத்தியும் ஒரு படத்தில்கூட அவள் பல் தெரியவில்லை.

இதையெல்லாம் டேனியல் பார்க்கவில்லையா என்று கேட்டால், பார்த்தார். செட் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். வயசாகிறது, சர்க்கரை வேறு, பொண்ணு கல்யாணமாகிப் போய்விட்டாள், அதுதான் இப்படி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எட்டு வருஷம் இப்படியே ஓடியது.

போன தை மாசம் டாக்டர் மிருதுளா போன் பண்ணினார். ஒரு நோயாளி ரொம்பப் படுத்துகிறார், நீங்களே வந்து பேசுங்கள் என்றார். மெழுகு செட்டை எடுத்துக்கொண்டு டேனியல் போனார். நாற்காலியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சூர்யநாராயணன். பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி அபிதகுஜாம்பாள்.

"என் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவில ஒரு சந்து உண்டு. அதைக் காணோமே," என்றார் சூர்யநாராயணன்.

"சந்து இல்லாமதான் சார் அழகாத் தெரியும்."

"அழகை வச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்? எழுபது வருஷமா அந்தச் சந்தோடதான் இருந்திருக்கேன். அதை அடைச்சுட்டு வேற ஒருத்தரை ஆத்துக்கு அனுப்பப் பார்க்கறேளா?"

இப்படிப்பட்ட ஆட்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. டேனியல் முணுமுணுத்துக்கொண்டே அங்கேயே மெழுகைச் சூடாக்கி, முன்பல் இரண்டையும் விலக்கி வைத்தார். அவர் கைக்கே அது கூசியது. சூர்யநாராயணன் அதை வாயில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியைக்கூடக் கேட்காமல் மனைவி பக்கம் திரும்பி ஈ என்று காட்டினார். அந்த அம்மாள் ஒரு நொடி பார்த்துவிட்டு, "அப்பாடா, வந்துட்டேளா," என்றார். சொன்னவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரைப் பார்த்து சூர்யநாராயணன் சிரிக்க, டாக்டரும் சிரித்தார்.

டேனியல் மட்டும் மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷ வேலை. ஊர் பேர் தெரியாத ஒருவருக்குச் செய்துகொடுத்தார். வீட்டில் கேட்டவளுக்குச் செய்துகொடுக்கவில்லை. முடிச்சூர் போய்ச் சேருகிற வரைக்கும் பஸ்ஸில் அவர் யார் பல்லையும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது டெபோரா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கீழ்செட்டை வாயில் போட்டுக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கட்டின புருஷனுக்கு முன்னால்கூட மறைக்கிறாள். எட்டு வருஷமாகத் தினமும் நடக்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அப்போதே உட்கார்ந்து, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது வரவில்லை. வாயால் சொல்ல வராததைக் கையால் செய்துகாட்டிவிடலாம் என்று நினைத்தார். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் அவள் எழுவதற்கு முன்னால், தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்த மேல்செட்டை எடுத்து உள்பக்கம் பிளாஸ்டர் ஊற்றி அவள் ஈறுகளை அச்செடுத்துக்கொண்டார். செட்டைக் கழுவிப் பழையபடி கிண்ணத்தில் போட்டுவிட்டு, திருடன் மாதிரி லேபுக்குப் புறப்பட்டார்.

இந்த முறை பளீர் வெள்ளை வேண்டாம், டீ குடிக்கிறவள் பல் மாதிரி கொஞ்சம் மஞ்சள் ஓடிய பல்லாகப் பொறுக்கினார். முன்பல் நான்கும் சரியாக உட்கார்ந்தன. கோரைப்பல்லைக் கையில் எடுத்தார். கை தானாக இடதுபக்கம் போய் அதை நட்டது. நட்ட பிறகு சந்தேகம் வந்தது. இடதா, வலதா?

இருபத்துநாலு வருஷம் பார்த்த பல். பார்த்ததற்காகவே கட்டிக்கொண்ட பல். எந்தப் பக்கம் என்று ஆண்டவர் சத்தியமாக நிச்சயம் சொல்ல முடியவில்லை. அவளிடமே கேட்கலாம், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஆல்பம் வெள்ளத்தோடு போனது. மேடவாக்கத்தில் இருக்கிற ரேஷ்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா பல்லு எடுக்கறதுக்கு மின்னாடி, சிரிக்கிற மாரி ஒரு போட்டோ உன்கிட்ட கீதாம்மா?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

பழைய போனைத் தேடி எடுத்து, அடுத்த நாள் ஒரே ஒரு படம் அனுப்பினாள். ஸ்டேஷனில் அம்மாவும் மகளும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டெபோரா வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். தெத்துப்பல் வலதுபக்கம். நல்லவேளை கேட்டோம் என்று நினைத்துக்கொண்டு டேனியல் இடதுபக்கம் நட்டதைப் பிடுங்கி வலதுபக்கம் நட்டார். படத்தைப் பெரிதாக்கி, சாய்வு, ஏற்றம், திருகல் எல்லாம் அச்சு அசலாகக் கொண்டுவந்தார். கோணலாக ஒரு பல் நடுவதற்கு அவர் அவ்வளவு பாடுபட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், மெழுகு செட்டையும் கண்ணாடியையும் அவள் முன்னால் வைத்தார். டெபோராவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தூக்கினாள். உதடு பிரிந்தது, கன்னம் எழும்பியது. இதோ வந்துவிட்டாள் என்று டேனியல் நினைக்கும்போதே அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் விரல் உதட்டின் இடது ஓரத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

"இந்தப் பக்கம்ங்க."

"இல்ல டெபோரா, போட்டோல வலதுபக்கம்தான கீது. பாரு."

போனை வாங்கிப் பார்த்தாள். ஜெராக்ஸ் மெஷினோடு இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு பார்வை போதும். "இது செல்ஃபிங்க. ரேஷ்மாவோட பழைய போனு கண்ணாடி மாரி திருப்பிதான் காட்டும். பின்னால ஸ்டேஷன் போர்டப் பாருங்க, தாம்பரம்னு எழுதனது எப்டித் திரும்பிகினு கீது."

இரண்டு நாள் பார்த்த படம். அதில் பல் ஒன்றைத் தவிர வேறு எதையும் அவர் பார்த்திருக்கவில்லை.

"போட்டோவப் பாத்தா வச்சீங்க?" என்றாள் டெபோரா. கோபமாகக் கேட்கவில்லை.

"மெழுகுதான். ரெண்டு நிமிசம், மாத்திட்றேன்," என்று கையை நீட்டினார்.

"வேணாங்க. அன்னிக்கிக் கேட்டேன், அன்னிக்கி ஆசை இருந்துச்சி. இந்தப் பல்லோட பழகறதுக்கே எனக்கு எட்டு வருசம் ஆச்சி. திரும்பவும் இன்னொருத்தியா மாறத் தெம்பு இல்ல எனக்கு."

செட்டைக் கழற்றி, குழாயில் அலசி, பத்திரமாக அவர் கையில் வைத்தாள். பழையதைப் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

டேனியல் இருந்த இடத்திலேயே இருந்தார். கை முதலில் சரியாகத்தான் போயிருக்கிறது. அதை நம்பக்கூட அவருக்குத் தைரியம் இல்லாமல் போய்விட்டது. அந்தப் பழைய சிரிப்பை, இடதுபக்கத்துப் பல்லோடு, ஒரு தடவை மனசில் கொண்டுவந்துவிடலாம் என்று கண்ணை மூடினார். திரும்பத் திரும்ப மூடிப் பார்த்தார். வந்ததெல்லாம் இறுக மூடின உதடும், அதற்குப் பின்னால் வரிசை தப்பாத வெள்ளைப் பல்லும்தான். அந்த முகத்தைச் செய்தவர் அவர். அவளை வேறு விதமாக அவருக்கு நினைக்கவே தெரியவில்லை என்று தெரிந்ததும், அடுப்படிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு டேனியல் அழுதார்.